இல்லாத வாசகிக்கு நான் குத்திய முத்திரைகள்

போன மாதம் நூலகத்திலிருந்து மூன்று பேர் லிங்கராஜபுரத்தில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள். என் மனைவி காபி கொண்டுவந்து வைக்கும்வரை பொறுத்திருந்து, துக்கச் செய்தி சொல்வதுபோல் ஒருவர் ஆரம்பித்தார்.

"சார், புத்தகத்துக்குப் பின்னாடி தேதிச் சீட்டு ஒட்டறதை எடுத்துடப் போறாங்க. இனிமே எல்லாம் ஆபீஸ் கார்டுலதான். நீங்க இருபத்தியிரண்டு வருஷம் முத்திரை குத்தினவர். என்ன சொல்றீங்க?"

நான் கண்கலங்குவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. "ஒழியட்டும்" என்றேன். மூன்று டம்ளரும் பாதி வழியில் நின்றன.

ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். சொல்லி முடித்தபோது காபி ஆறியிருந்தது. "இதை நம்ம நூலக மலருக்கு எழுதிக் கொடுங்க சார்" என்றார் அவர்களில் துணிச்சல்காரர். எழுதிவிட்டேன். போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

சுதந்திரம் வந்த வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கண்டோன்மென்ட் பக்கத்தில், வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக வைத்திருந்த சந்தா நூலகம் அது. அவர்கள் கப்பலேறிப் போனார்கள். புத்தகங்களும் சுவரில் ஒரு காட்டெருமைத் தலையும் எங்களுக்கு மிஞ்சின. அதுவரை வாசலைத் தாண்டாத காக்ஸ் டவுன் குமாஸ்தாக்களும் அல்சூர் வாத்தியார்களும் ஆளுக்கொரு சந்தாச் சீட்டோடு உள்ளே வந்தார்கள். பசை காய்ச்சுவது, ஏணியில் ஏறுவது, இருமல் வந்தால் விழுங்குவது: ஆறு மாதத்தில் என் பயிற்சி முடிந்தது.

முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் குற்றம் புரியாது. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி அட்டையின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதுதான் தேதிச் சீட்டு. புத்தகம் எடுத்துப் போகிறவர் எந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டுமோ அந்தத் தேதியை ரப்பர் முத்திரையால் அதில் குத்துவோம். இரண்டு வாரம் கெடு. யார் எடுத்தார் என்பது அந்தத் தாளில் இருக்காது. அது எங்களிடமுள்ள அட்டையில் மட்டும். ஒரு வாசகர் என்ன படிக்கிறார் என்று இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது, இது கல்லில் பொறித்த விதி.

இன்னொரு விதியும் உண்டு. மூன்று வருஷம் முத்திரை விழாத புத்தகம் அலமாரியை விட்டு இறங்க வேண்டும். வருஷக் கடைசியில் எங்கள் நூலகர் சேஷகிரி ராவ் அலமாரி அலமாரியாக வந்து, கடைசி அட்டையை மட்டும் திறந்து பார்ப்பார். முத்திரை இல்லையென்றால் புத்தகத்தை ஒரு நீள மேஜையில் குப்புறப் படுக்க வைப்பார். அந்த அலமாரிக்குப் பொறுப்பான ஆள் ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் விளக்கம் எழுத வேண்டும்: இந்தப் புத்தகம் ஏன் படிக்கப்படவில்லை, படிக்க வைக்க நீ என்ன செய்தாய்.

ராவ் மைசூர்க்காரர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபத்தில் ஆங்கிலம்; அந்த ஆங்கிலத்தை நான் கேட்டதே இல்லை. குரலை உயர்த்த மாட்டார். கான்வாஸ் செருப்புப் போட்டு, சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார். பேசுவதற்கு முன் என் மேஜையிலிருக்கும் மைப்பெட்டியை மேஜை ஓரத்துக்கு நேராக நகர்த்தி வைப்பார். பியூனையும் "நீங்க" என்பார். மரியாதை கூடக் கூட எங்களுக்கு ஆபத்து கூடும். "ஏன்ரீ கன்னியப்பா" என்றால் பிழைத்தோம். "மிஸ்டர் கன்னியப்பன், தாங்கள்" என்று ஆரம்பித்தால் அன்று சாப்பாடு இறங்காது.

எனக்கு விதித்த அலமாரி ஐரோப்பிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த நாவல்கள். ருஷ்யா, பிரான்ஸ், ஸ்பெயின். ஒவ்வொன்றும் செங்கல். யாரும் தொடுவதில்லை. முதல் வருஷம் முப்பத்தெட்டு விளக்கம் எழுதினேன். முப்பத்தெட்டாவதில் "இந்தப் புத்தகத்தின் எடை காரணமாக இருக்கலாம்" என்று எழுதி, ராவிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டேன். அடுத்த வருஷம் எனக்கு ஞானம் பிறந்தது. முத்திரை என் கையில், மைப்பெட்டி என் முன்னால், புத்தகம் என் அலமாரியில். சனிக்கிழமை மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில், செங்கற்களைத் திறந்து ஆளுக்கொரு முத்திரை குத்தினேன். யாரும் எடுக்காத புத்தகத்தை யாரோ எடுத்ததாக. ராவ் வந்தார், பார்த்தார், "பரவால்லா, கன்னியப்பா" என்று போனார். அந்த "பரவால்லா" மண்டைக்கு ஏறிவிட்டது.

அந்தச் செங்கற்களில் ஒன்றை மட்டும் நான் உண்மையாகவே படித்திருந்தேன். ஸ்பெயின் தேசத்து மிகப் பழைய நாவல், இரண்டு பாகமும் ஒரே அட்டையில். வீரர் கதைகளாகப் படித்துப் படித்து மூளை காய்ந்த ஒருவர், தானும் அப்படி ஒரு வீரர் என்று நம்பி, நோஞ்சான் குதிரையில் ஏறிக் கிளம்பும் கதை. காற்றாலையை அரக்கன் என்பார். அடிபட்டு விழுந்த பிறகும் தவறு தன்னுடையது என்று ஒப்ப மாட்டார். மந்திரவாதி ஒருவன் அரக்கனைக் காற்றாலையாக மாற்றிவிட்டான் என்பார். நான் ஏணியில் உட்கார்ந்து வாய் பொத்திச் சிரித்திருக்கிறேன். பிடித்த புத்தகமாயிற்றே என்று அதற்குத் தாராளமாகக் குத்தினேன். மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு. என் ஞாபகத்தில் அது அன்பு.

சூசைநாதன் அந்தக் காலத்தில்தான் வந்தார். ஒரு பஞ்சாலையில் நேரக் காப்பாளர். காக்ஸ் டவுனில் விதவை அக்காவோடு இருந்தார். நாற்பது வயது, கல்யாணமாகவில்லை. சங்கு ஊதின பிறகு வாசலுக்கு வந்தவன் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுவது அவர் தொழில். அவரிடம் கைக்கடிகாரம் ஒன்று, சட்டைப் பையில் இன்னொன்று. "ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக் குடுக்கும் சார்" என்பார். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதவர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கற்பனைக்காரனை ஏமாற்றினால் அவனுக்கும் பாதிப் பங்கு உண்டு என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை.

ஆங்கிலம் வளர்த்துக்கொள்ள ஏதாவது கொடுங்கள் என்றார். "சிரிப்பா இருக்கும் சார்" என்று ஸ்பெயின் செங்கல்லைக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தார். சிரித்ததாகத் தெரியவில்லை. கடைசி அட்டையைத் திறந்து விரலை வைத்தார்.

"சார், இதை யாரோ ஒருத்தர் ரெண்டு வருஷமா திரும்பத் திரும்ப எடுத்திருக்காங்க. கெடு எல்லாம் சனிக்கிழமை. வேற வேற ஆளா இருந்தா வேற வேற கிழமை வரும். ஒரே ஆள்தான். யாரு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "யாருமில்ல சார், நான்தான் சோம்பேறித்தனத்துல குத்தினேன்." பத்து வினாடி வேலை. ஆனால் ராவ் நாலு அடி தள்ளி நின்று ஏதோ பெயர்ப்பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் எடுத்தாங்கன்னு சொல்லக் கூடாது சார். விதி."

"ஆம்பளையா, பொம்பளையா? அதையாவது."

"அதுவும் சொல்லக் கூடாது" என்றேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும். லேசாகச் சிரித்தேன். என் மூஞ்சி அப்படி. எதையும் சொல்லாமலே எல்லாம் சொன்னதுபோல் இருக்கும்.

அடுத்த முறை புத்தகம் திரும்பி வந்தபோது உள்ளே ஒரு சிறு தாள் இருந்தது. மணிமணியான எழுத்து: 'இதைத் திரும்பத் திரும்பப் படிக்கும் வாசகருக்கு. கடைசியில் அவர் தெளிந்து, தன் பழைய பெயரைச் சொல்லி, படுக்கையில் கிடக்கிறார். எல்லோரும் சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்குத் துக்கமாக இருந்தது. உங்களுக்கு எப்படி?'

குப்பைக் கூடை என் காலடியில்தான் இருந்தது. ஆனால் அன்று மழை, கூட்டமில்லை, எனக்கு விளையாட்டு. பழைய நினைவூட்டல் படிவம் ஒன்றை நாலாகக் கிழித்து, அதன் வெற்றுப் பக்கத்தில், இடது கையால் சாய்த்து எழுதினேன்: 'எனக்கும் அப்படித்தான். தெளிந்த பிறகு அவரிடம் பேசுவதற்கு யாரும் இல்லை. இப்படிக்கு, ஒரு வாசகி.' புத்தகத்துக்குள் வைத்து, பொய் முத்திரை ஒன்று குத்தி, அலமாரியில் செருகினேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

ஒரு வருஷம் நடந்தது இந்த நாடகம். புத்தகம் இரண்டு வாரம் அவரிடம், இரண்டு வாரம் "அவளிடம்". அவர் எழுதிய கேள்விகள் நாளாக நாளாக ஆழமாகின. காற்றாலையைக் காற்றாலை என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கதையில் ஏன் இவ்வளவு சின்ன மனிதர்களாக இருக்கிறார்கள்? ஆலையில் தினமும் எண்ணூறு பேரை நிமிஷக் கணக்கில் பார்க்கிறேன், ஒருவர் முகமும் நினைவில்லை. நான் பார்ப்பது உண்மையா? நான் எழுதிய பதில்கள் என் தகுதிக்கு மேற்பட்டவை. என் பெயருக்கு வராத புத்தி அவள் பெயருக்கு வந்தது. அதுதான் என்னை நிறுத்தவிடவில்லை என்று நினைக்கிறேன். கன்னியப்பனை யாரும் அப்படிக் கேள்வி கேட்டதில்லை.

அவருக்குச் சனிக்கிழமை இரண்டு மணிவரை ஷிப்ட். மூன்று மணிக்கு வருவார். "அவங்க காலையிலேயே வந்துட்டுப் போயிடுவாங்க சார்" என்று ஒரு தடவை வாய் தவறிச் சொன்னதுபோல் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறக்கிறேன், படியில் சூசைநாதன். ஆலைக்கு லீவு போட்டிருக்கிறார். தலையில் எண்ணெய், சலவைச் சட்டை, கையில் பேக்கரி டப்பா ஒன்று. கவுண்டருக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார்.

வேலை இருப்பதுபோல் பைண்டு செய்த பத்திரிகைத் தொகுதிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். வேர்த்த முகத்தைத் துடைத்தேன். நான் துடைத்தது கைக்குட்டையால் அல்ல, மை ஒற்றும் தாளால் என்பது பியூன் என்னைப் பார்த்துச் சாமி கும்பிட்டபோதுதான் தெரிந்தது. நீல முகத்தோடு நான் தொகுதி இடுக்கில் பார்க்கிறேன், உள்ளே வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவர் எழுந்து நிற்கிறார். எழுபது வயது ஆங்கிலோ இந்தியப் பாட்டி ஒருத்தி சமையல் புத்தகம் எடுக்க வந்தாள். அவளுக்கும் எழுந்தார். அந்தப் பாட்டி மகிழ்ந்துபோய் "குட் மார்னிங் யங் மேன்" என்றாள். அவர் முகத்தில் ஒரு கணம் சந்தேகம், பிறகு அவசரமாக ஒரு பணிவு. அவளாக இருந்தாலும் சம்மதம் என்று அவர் தீர்மானித்துக்கொண்டதை நான் பார்த்தேன். சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து, "அவங்களுக்கு உடம்பு சரியில்லையாம். புத்தகத்தை ஆள்கிட்ட குடுத்தனுப்பிட்டாங்க" என்றேன்.

"பெரிசா ஒண்ணுமில்லையே?"

"சாதாரண ஜலதோஷம்." இல்லாதவளுக்கு நோயின் அளவைக்கூட நானே குறைத்துக் கொடுத்தேன்.

அவர் டப்பாவைக் கவுண்டரில் வைத்தார். "பிளம் கேக். குடுத்துடுங்க. ஒரு விஷயம் சார். தங்கவயல்ல ஒரு டீச்சர், லூர்தம்மாள்னு. புருஷன் போய் ஏழு வருஷம். அக்கா பாத்திருக்கா. போட்டோ வந்திருக்கு. நான் ஒரு லெட்டர் எழுதினேன், அவங்களும் எழுதினாங்க. நல்லவங்களாத்தான் தெரியறாங்க. ஈஸ்டருக்குள்ள பதில் சொல்லணும். இங்க வர்ற இவங்களை ஒரு தடவை பாக்காம நான் எப்படி சார் பதில் சொல்றது?"

கேக்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வேறு என்ன செய்ய? என் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். யார் கொடுத்தது என்று மனைவி கேட்டாள். "ஒரு வாசகர்" என்றேன். நல்ல கேக். முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள்.

வருஷக் கடைசிக் கணக்கெடுப்பு அடுத்த மாதமே வந்தது. ராவ் ஸ்பெயின் செங்கல்லைத் திறந்தார். மூடவில்லை. சுவர் நாட்காட்டியிடம் போனார். திரும்பி வந்து என் மைப்பெட்டியை நேராக்கினார்.

"மிஸ்டர் கன்னியப்பன், தாங்கள் இந்த முத்திரையைப் பாருங்க. இந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை. நம்ம கதவு மூடின நாள். ஞாயிறு கெடு நாம யாருக்கும் குடுக்கறதில்லை."

அவசரத்தில் முத்திரைச் சக்கரத்தை ஒரு பல் அதிகம் திருப்பியிருக்கிறேன். அதற்குள் அவர் கை தாள்களுக்கு நடுவிலிருந்து சூசைநாதனின் புதுச் சீட்டை எடுத்துவிட்டது. படித்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். கேக்கைக்கூடச் சொன்னேன்.

ராவ் சீட்டை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். பிறகு "தாங்கள்" என்பதிலிருந்து இறங்கிப் பழைய குரலில் பேசினார். "கன்னியப்பா, நானும் இதைப் படிச்சிருக்கேன். எல்லாரும் இது பைத்தியக்காரன் கதைம்பாங்க. எனக்கு அவனைப் பாத்துப் பயமில்லை. ரெண்டாம் பாகத்துல ஒரு பணக்காரப் புருஷன் பெண்டாட்டி வருவாங்க, நோடு, பாரு. பொழுது போகலைன்னு அவனுக்கு அரண்மனையெல்லாம் ஜோடிச்சு, வேஷம் போட்டு, அவன் நம்பறதைப் பாத்துச் சிரிப்பாங்க. அவனுக்காவது தான் செய்யறதுல நம்பிக்கை இருந்தது. அவங்களுக்கு என்ன இருந்தது?"

மைப்பெட்டியை மறுபடி ஓரத்துக்கு நேராக்கினார்.

"பொய் முத்திரைக்கு உன்னை அனுப்பிடலாம். அனுப்பினா அந்த மனுஷருக்கு யார் சொல்றது? நீதான் சொல்லணும். இந்தக் கவுண்டர்ல, உன் வாயால, வர்ற சனிக்கிழமை."

சனிக்கிழமை வந்தது. மூன்று மணிக்கு அவரும் வந்தார். நான் வாயைத் திறந்தேன். "வெயில் ஜாஸ்தி சார்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. புத்தகத்தை நீட்டினேன். அதற்குள் காலையிலேயே நான் எழுதி வைத்த சீட்டு இருந்தது, ஒருவேளை வாய் வராவிட்டால் என்று. வாய் வராது என்று எனக்குத்தான் தெரியுமே. 'நான் நிரந்தரமாக வெளியூர் போகிறேன். இனி இந்தப் புத்தகத்தை எடுக்க இயலாது. தாங்கள் நல்ல வாழ்க்கை அமைத்துக்கொள்ள வேண்டும். இதுவரை தாங்கள் அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி.' என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சினேன். அவளை ஊரை விட்டு அனுப்பியாயிற்று. அவர் டீச்சரைக் கட்டிக்கொள்வார். யாருக்கும் அவமானமில்லை, முக்கியமாக எனக்கு.

"சொல்லியாயிதா?" என்றார் ராவ்.

"ஆச்சு சார்."

ஈஸ்டர் போயிற்று. மழைக்காலம் வந்தது. சூசைநாதன் மூன்று மணிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். கல்யாணம் பற்றி அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கேட்காதவரை எல்லாம் நல்லபடியாக நடந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

வெயில் திரும்பிய ஒரு சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, கவுண்டருக்கு ஓர் அம்மாள் வந்தார். பருத்திப் புடவை, குடை, ரயில் புழுதி. வயது முப்பத்தைந்து இருக்கும். கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தையும் ஒரு சின்னத் தாளையும் எடுத்து வைத்தார்.

"என் பேர் லூர்தம்மாள். தங்கவயல்லேர்ந்து வரேன். சூசைநாதன்னு ஒருத்தர் இங்க வர்றாராமே."

கடிதம் சூசைநாதன் எழுதியது. என் மனம் ஓரிடத்தில் இருக்கிறது, அவர் ஊரில் இல்லை, திரும்பி வரும்வரை காத்திருப்பதே முறை, உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை, ஆதாரமாக அவர் கைப்பட எழுதியதை இணைத்திருக்கிறேன், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும். அந்த மனிதர் ஆதாரம் இணைத்திருந்தார்.

"அஞ்சு மாசமா இதைப் பையில வெச்சுக்கிட்டுத் திரியறேன். திருப்பி அனுப்ப மனசு வரல" என்றார் லூர்தம்மாள். "இந்தப் பொம்பளையை நீங்க பாத்திருக்கீங்களா?"

"யார் எடுத்தாங்கன்னு சொல்லக் கூடாதும்மா, விதி."

அவர் என் மேஜையைப் பார்த்தார். நாலாகக் கிழித்த பழைய படிவங்கள் அங்கேயே அடுக்கியிருந்தன. தன் கையிலிருந்த தாளைத் திருப்பினார். பின்பக்கம் அதே அச்சு.

"ஊரை விட்டுப் போறவ, எங்க போறேன்னு எழுதல. நீங்க எப்படி இருப்பீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. ஒத்துழைப்புக்கு நன்றின்னு எழுதியிருக்கா. எங்க ஹெட்மாஸ்டர் எனக்கு வருஷா வருஷம் எழுதறது இது." குரல் ஏறவில்லை. "நீங்கதானே?"

தலையாட்டினேன். வாத்தியாரம்மாவுக்கு முன்னால் வேறென்ன செய்ய முடியும்.

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "அவர் எனக்கு எழுதின முதல் லெட்டர்ல என்ன கேட்டார் தெரியுமா? 'கல்யாணத்துக்குப் பிறகும் பள்ளிக்கூட வேலையைத் தொடர உங்களுக்கு விருப்பமா, அல்லது போதும் என்று இருக்கிறதா? இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.' எங்கப்பா கேக்கல இதை. என் புருஷன் கேக்கல. பதினாலு வருஷமா சாக்பீஸ் புடிக்கறேன், யாரும் கேக்கல. அதனாலதான் ரயில் ஏறி வந்தேன். இல்லேன்னா எனக்கென்ன தலையெழுத்தா?"

"இன்னிக்கு மூணு மணிக்கு வருவார். சொல்லிடறேன்மா. சத்தியமா சொல்றேன்."

"நான் வந்திருக்கேன்னு சொல்லக் கூடாது. உண்மையை மட்டும் சொல்லுங்க. அப்புறம் அவரா என்ன செய்யறார்னு நான் பாக்கணும்." வெளியே போய், வாசலுக்குப் பக்கத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அங்கே மதியத்துக்கு மேல் நிழல் கிடையாது. குடையை விரித்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு சூசைநாதன் பெஞ்சைத் தாண்டி உள்ளே வந்தார். இந்தத் தடவை வெயிலைப் பற்றிப் பேசவில்லை. ஒரே மூச்சில் சொன்னேன். வாசகியே கிடையாது. முத்திரை நான் குத்தினது. சீட்டு நான் எழுதினது. கேக்கை என் பிள்ளைகள் தின்றார்கள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தார், பழக்கதோஷம். பிறகு என் கைமேல் தன் கையை வைத்தார்.

"அவங்க உங்களை இப்படிச் சொல்லச் சொன்னாங்களா சார்?"

"அவங்கன்னு யாருமே இல்ல சார்!"

"நான் கல்யாணம் பண்ணிக்கலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போயிருக்கும். வருத்தப்பட்டிருப்பாங்க. தன்னை மறக்கடிக்கத்தான் இந்த ஏற்பாடு. அவங்க குணம் எனக்குத் தெரியும்."

ஒரு படிவத்தை எடுத்து, அவர் கண்ணெதிரே இடது கையால் சாய்த்து எழுதிக் காட்டினேன்: 'இப்படிக்கு, ஒரு வாசகி.' எழுத்து அச்சாக வந்தது.

"ஒரு வருஷமா அவங்க எழுத்து உங்க கை வழியாத்தானே போச்சு. பாத்துப் பாத்துப் படிஞ்சிருக்கும்" என்றார். குழந்தைக்குச் சொல்வதுபோல.

செங்கல்லைத் திறந்து ஞாயிற்றுக்கிழமை முத்திரையைக் காட்டினேன். "இதைப் பாருங்க. கதவு மூடின நாள். எப்படி வரும்? பொய் முத்திரைங்கறதுக்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும் உங்களுக்கு?"

"அந்த முத்திரை விழுந்தப்பவே கவனிச்சேன் சார். நேரம் பாக்கறதுதானே என் பொழப்பு. அவங்களுக்காக ஒரு ஞாயித்துக்கிழமை கதவைத் திறந்து வெச்சிருக்கீங்க. விதியை மீறி. அன்னிக்குத்தான் உங்க மேல எனக்கு மரியாதை வந்தது."

என்னிடமிருந்த உண்மை அவ்வளவும் தீர்ந்துவிட்டது. ஒவ்வொன்றையும் வாங்கி, துடைத்து, அவளுடைய ஆதாரங்களோடு சேர்த்து அடுக்கிக்கொண்டார். மனிதர் கலங்கவில்லை, கோபப்படவில்லை. என்னைவிடத் தெளிவாக இருந்தார்.

"உங்க பேரைக் கெடுத்துக்கிட்டாவது அவங்க சொன்னதைச் செய்யறீங்க. பெரிய மனசு." புத்தகத்தை எடுத்துக்கொண்டார். நானே முத்திரை குத்திக் கொடுத்தேன், உண்மை முத்திரை. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை பல வருஷம் அந்தப் புத்தகத்துக்குப் பொய் முத்திரை தேவைப்படவே இல்லை.

வாசல்வரை போனவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்து நின்றார். திரும்பி வந்தார்.

"சார், வெளியில ஒரு அம்மா ரொம்ப நேரமா வெயில்ல உக்காந்திருக்காங்க. யாருக்கோ காத்திருக்காங்க போல. நான் வரும்போதே பாத்தேன். ஒரு நாற்காலி எடுத்து மரத்தடியில போடச் சொல்லுங்களேன், பாவம்."

சொல்லிவிட்டுப் போனார். பெஞ்சைத் தாண்டும்போது மரியாதைக்குத் தலையைத் தாழ்த்திக்கொண்டு, கொஞ்சம் விலகி நடந்தார்.

பியூனைக் கூப்பிடாமல் நானே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். மரத்தடியில் போட்டேன். லூர்தம்மாள் கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சூசைநாதன் தெருவைக் கடந்துகொண்டிருந்தார், புத்தகம் அக்குளில்.

"சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. நம்பல."

"ஒண்ணைக்கூடவா?"

"ஒண்ணைக்கூட."

குடையை மடக்கினார். "நாற்காலி எதுக்கு?"

"அவர்தான் போடச் சொன்னார். நீங்க வெயில்ல இருக்கீங்கன்னு."

"நான் யாருன்னு தெரியுமா அவருக்கு?"

"தெரியாது. போட்டோல இருக்கற மாதிரி நீங்க இல்ல போல. யாரா இருந்தாலும் சொல்லியிருப்பார்."

அவர் எழுந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு சாயாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் உட்காருகிற மாதிரி. என்னைப் பார்க்காமல், "நீங்க உள்ள போங்க" என்றார். "அவர் எனக்குன்னு குடுத்தது இது ஒண்ணுதான். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்."